ஏறாத வரிகள்

தரவுத்தளங்களை ஒப்பிட்டு எழுதுவோர் பெரும்பாலும் வேகத்தையே அளக்கின்றனர். பத்து இலட்சம் வரிகளை எந்தத் தளம் எத்தனை விநாடியில் விழுங்கியது என்று பட்டியலிட்டு, முந்தியதற்கு மாலை சூட்டிக் கட்டுரையை முடித்துவிடுவர். விழுங்கியதில் எது செரித்தது, எது வெளியே தள்ளப்பட்டது, எது உருமாறி உள்ளேயே தங்கிவிட்டது என்னும் கேள்விகளுக்கு அப்பட்டியல்களில் இடமில்லை. நமக்கோ அவையே முதற்கேள்விகளாக இருந்தன. இலக்கிய அன்பர்கள் கூடும் இப்பக்கத்தில் ஆரக்கிளுக்கும் மைஎஸ்க்யூஎல்லுக்கும் என்ன வேலை என்று முகம் சுளிப்போர் சற்றே பொறுத்தருள வேண்டும். ஓலையிலிருந்து தாளுக்கு நூல்கள் ஏறியபோது நேர்ந்தவையே தாளிலிருந்து கணினிக்கு ஏறும்போதும் நேர்கின்றன. ஏடெழுதுவோன் இருந்த இடத்தில் இப்போது ஒரு கட்டளைவரி இருக்கிறது, அவ்வளவே.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தென்மாவட்டச் சிற்றூர்களில் நடந்து திரிந்து வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்து வந்தார். ஏறத்தாழ 40,000 சீட்டுகள். எல்லாம் பிஸ்கட் தகரப்பெட்டிகளில். ஒவ்வொரு சீட்டிலும் சொல், பொருள், ஊர், சொன்னவர் பெயர், கேட்ட ஆண்டு, சீட்டு எண் ஆகியவை உண்டு. ஐயா (நாம் அவரை அப்படித்தான் அழைப்போம்) இவற்றுள் சொன்னவர் பெயரைத்தான் மிகக் கண்டிப்பாகக் காத்தார். கொடுத்தவர் பெயரை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துவருவது களவு என்பது அவர் கட்சி. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் இச்சீட்டுகளைத் தட்டச்சு செய்து, கணினியில் ஏற்றி, ஒரு கோப்பாகவும் கொடுத்திருந்தது. சொல்தொகுப்பைச் செம்மை செய்து வெளியிடலாம் என நண்பர் இருவரும் நாமும் முனைந்தபோது, அக்கோப்பிலிருந்தே தொடங்கினோம்.

கோப்பில் 'முத்து' என்பவர் மிகுதியான சொற்களைத் தந்திருந்தார். பேறுகாலத்துப் பத்தியச் சொற்கள், கோலத்தின் வகைகள், உரல் உலக்கை சார்ந்தவை என அவர் தராத துறை இல்லை. ஆடவர் ஒருவருக்கு இத்துணை அடுக்களை அறிவா என்று வியந்து பெட்டிகளைத் திறந்து பார்த்தோம். சீட்டுகளில் முத்து என்று எவரும் இல்லை. முத்துலட்சுமி இருந்தார், முத்துப்பேச்சி இருந்தார், முத்துமாரி இருந்தார். மூன்று ஊர்களைச் சேர்ந்த மூன்று பெண்மணிகள் ஒரே ஆணாகியிருந்தனர்.

காரணம் எளிது. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் இடம் கொள்ளும். 'மு' நமக்கு ஓரெழுத்து. கணினிக்கு மகரம் ஒன்று, உகரக்குறி ஒன்று. முத்துலட்சுமி என்பது நம் இலக்கணக் கணக்கில் 7 எழுத்து, கணினிக் கணக்கில் 13 குறியீடு, வட்டின் கணக்கில் 39 பைட். பெயருக்கு 20 பைட் போதும் என்று எவரோ அளந்து, மிஞ்சியதை வெட்டும்படி அமைத்திருக்கிறார். ஆங்கிலப் பெயருக்கு அது தாராளமான அளவு. தமிழிலோ ஆறு குறியீடுகளோடு கதவு சாத்தப்படும். அந்த ஆறும் சேர்ந்தால் முத்து. அவ்வாறே பேச்சியம்மாள் 'பேச்சி' ஆனார். அன்னம்மாள் 'அன்னம்' ஆனார். மாரியம்மாள் 'மாரியம' என்று குறையுடலாய் நின்றதால் அவரைக் கண்டு திருத்தியிருக்கின்றனர். கருப்பாயி 'கருப்ப' என்று நின்றதை ஒரு நல்ல உள்ளம் 'கருப்பன்' என்றும் திருத்திவைத்திருந்தது!

சுவடி படித்தவர்களுக்கு இது புதிதன்று. பொருளற்ற சொல்லாக வந்து விழும் பிழையால் பெரிய தீங்கில்லை. படிப்போன் தடுக்கி நிற்பான், தேடுவான், திருத்துவான். பொருளுள்ள சொல்லாகவே மாறி வந்து உட்கார்ந்துகொள்ளும் பிழைதான் தலைமுறைகளைக் கடந்து வாழும். மாரியம்மாளைக் காத்தது அவர் பெயர் அசிங்கமாக வெட்டுண்டது. முத்துலட்சுமியைத் தொலைத்தது அது அழகாக வெட்டுண்டது.

ஆகவே சீட்டுகளை மீண்டும் முதலிலிருந்து தட்டச்சு செய்வதென முடிவாயிற்று. அடுத்து, எந்தத் தளத்தில் ஏற்றுவது என்னும் வினா எழுந்தது. நண்பருள் ஒருவர் மென்பொருள் துறையினர். மற்றவர் நம்மைப்போல் பள்ளிக்கூடத்து மனிதர். துறையினர் முதலில் விளக்கியது, மொத்தமாக ஏற்றுதல் என்றால் என்ன என்பதை. வரிகளை ஒவ்வொன்றாகச் செருகி ஒவ்வொன்றையும் உறுதி செய்தால், ஒவ்வொரு முறையும் பதிவேடு வட்டில் எழுதி முடியும்வரை தளம் காத்து நிற்கும். கட்டளையைப் படித்துப் பொருள்கொள்வது, வலையின் வழியே போய்வருவது, அடைவுகளைத் திருத்துவது ஆகியவையும் அத்தனை முறை நிகழும். நூறு கடிதங்களை அஞ்சலகத்துக்கு நூறு நடையாகக் கொண்டு செல்வதை ஒக்கும் இது. மூட்டையாகக் கட்டி ஒரே நடையில் கொண்டு செல்ல ஒவ்வொரு தளமும் ஒரு வழி வைத்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸில் 'காப்பி', மைஎஸ்க்யூஎல்லில் 'லோட் டேட்டா', எஸ்க்யூஎல் சர்வரில் 'பல்க் இன்சர்ட்', ஆரக்கிளில் 'எஸ்க்யூஎல் லோடர்' என்னும் தனிக்கருவி. லோட் டேட்டா, தனித்தனிச் செருகலைவிடப் பொதுவாக 20 மடங்கு விரைவானது என்று மைஎஸ்க்யூஎல் கையேடே சொல்கிறது. ஏற்றிய பின் செய்யும் வேலைகளிலும் இதே வேறுபாடு உண்டு. ஆரக்கிளின் நிரல்மொழியில் 'ஃபார்ஆல்', 'பல்க் கலெக்ட்' என்னும் இரண்டும் 1999இல் 8ஐ பதிப்போடு வந்தன. நிரலை இயக்கும் பொறிக்கும் தரவைக் கையாளும் பொறிக்கும் இடையே வரிக்கு ஒரு நடை நடந்துகொண்டிருந்ததைச் சுமைக்கு ஒரு நடையாக அவை மாற்றின.

இதன் வேர் பழையது. எட்கர் காட் 1970இல் தம் புகழ்பெற்ற கட்டுரையில் தரவைக் கணங்களாகப் பார்த்தார். கணிதத்தின் கணம், அதன் உறுப்புகளுக்கு முன்பின் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துச் செய் என்று கட்டளையிடாமல், இன்ன தன்மையுடையவை அனைத்துக்கும் இதைச் செய் என்று மட்டும் சொல்வது. 1985இல் அவர் வகுத்த விதிகளுள் ஒன்று, செருகல், திருத்தல், நீக்கல் ஆகிய மூன்றும் கணமாகவே இயல வேண்டும் என்கிறது. நூற்பா இயற்றுவோருக்கு இது எளிதில் விளங்கும். வல்லினம் மிகும் இடத்தைச் சொல்லும் விதி, சொற்களை ஒவ்வொன்றாக அழைத்துச் சொல்வதில்லை அல்லவா?

கணமாகச் செய்யும்போது கணத்துள் ஓர் உறுப்பு கெட்டிருந்தால் என்ன செய்வது? இங்கேதான் தளங்கள் பிரிகின்றன. துறை நண்பர் ஒரு சிறு சோதனை அமைத்தார். பத்தே வரிகள். ஏழு வரிகள் பழுதற்றவை. நான்காம் வரியில் பெயர், புலத்தின் அளவைவிட நீண்டது. ஆறாம் வரியில், எண்ணை எதிர்பார்க்கும் ஆண்டுப்புலத்தில் ஐயாவின் கைப்படி 'தெரியவில்லை' என்றே இருந்தது. ஒன்பதாம் வரி, இரண்டாம் வரியின் சீட்டு எண்ணையே கொண்டிருந்தது. சீட்டு எண்தான் அட்டவணையின் முதன்மைச் சாவி.

போஸ்ட்கிரெஸ் நான்காம் வரியிலேயே நின்றுவிட்டது. எந்த வரி, எந்தப் புலம் என்று சொல்லிவிட்டு, முன்னே வந்த மூன்று நல்ல வரிகளையும் சேர்த்துக் கைவிட்டது. அட்டவணையில் ஒரு வரியும் இல்லை. முழுதும் அல்லது ஒன்றுமில்லை என்பது அதன் அறம். 2024இல் வந்த 17ஆம் பதிப்பில் பிழைவரியைத் தாண்டிச் செல்லும் விருப்பம் ஒன்று சேர்ந்தது. ஆயினும் தரவு வகையில் பொருந்தாதவற்றுக்கு மட்டுமே அச்சலுகை. சாவிகள் மோதினால் முழுவதும் நிற்கும். இந்தப் பிடிவாதம் முதலில் எரிச்சல் ஊட்டியது. நாளடைவில் அதன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

மைஎஸ்க்யூஎல் நேர் எதிர்த்திசையில் சென்றது. கோப்பு நம் கணினியிலிருந்து வழங்கிக்குப் போகும் 'லோக்கல்' முறையில், அனுப்புவதை நடுவில் நிறுத்த வழியில்லை என்பதால், பிழைகள் எச்சரிக்கைகளாகத் தணிந்து வேலை தொடரும். நீண்ட பெயர் வெட்டப்பட்டு ஏறியது. 'தெரியவில்லை' என்பது 0 ஆயிற்று. இரட்டைச் சாவி தவிர்க்கப்பட்டது. ஆக அட்டவணையில் ஒன்பது வரிகள், அவற்றுள் இரண்டு வேற்றுருவம் பூண்டவை. முடிவில் எத்தனை பதிவுகள், எத்தனை தாண்டப்பட்டன, எத்தனை எச்சரிக்கைகள் என்று ஒற்றைவரிச் செய்தி வரும். கேட்டால் எச்சரிக்கைகளைக் காட்டும். கேட்காதவருக்கு எல்லாம் சுபம். கோப்பு வழங்கியிலேயே இருந்து, கண்டிப்பான நிலையும் செயலில் இருந்தால், இதே தளம் போஸ்ட்கிரெஸ்ஸைப் போல் நிற்கும் என்பதையும் சொல்லவேண்டும். அந்தக் கண்டிப்பு 2015இல் வந்த 5.7 பதிப்பு முதல் இயல்பாகவே இருக்கிறது. அதற்கு முந்திய காலத்தில் உலகெங்கும் எத்தனை முத்துலட்சுமிகள் வெட்டுண்டனரோ!

ஆரக்கிளின் லோடர்தான் பதிப்பாசிரியர்களுக்கு உரிய கருவி என்று நமக்குத் தோன்றியது. நல்ல ஏழு வரிகளும் ஏறின. கெட்ட மூன்றும் தனிக் கோப்பொன்றில், வந்த வடிவம் மாறாமல் வைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஏன் விலக்கப்பட்டது என்பது குறிப்பேட்டில் எழுதப்பட்டது. வெட்டவில்லை, சுழியாக்கவில்லை, நல்லவற்றைத் தண்டிக்கவுமில்லை. ஏற்றிய பின் ஓர் அட்டவணையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போதும், விலக்குண்டவற்றைப் பிழைச்செய்தியுடன் தனி அட்டவணையில் சேர்க்கும் வசதி 2005இல் 10ஜி இரண்டாம் வெளியீட்டோடு வந்துவிட்டது. ஆனால் இதே லோடரை 'நேர்வழி' முறையில் ஓட்டினால் குணம் மாறும். அப்போது அது தரவைத் தொகுதிகளாகவே வடித்து நேரே கோப்பில் எழுதுகிறது; மிக விரைவு. இரட்டைச் சாவி அப்போது உள்ளே நுழைந்துவிடும்; சாவியின் அடைவு பயன்படாத நிலையில் விடப்படும். அட்டவணையில் எட்டு வரிகள்.

எஸ்க்யூஎல் சர்வர் இடைநிலை. வடிவப்பிழைகள் பத்து வரை பொறுக்கும். சாவி மோதினால் பொறுக்காது. ஆகவே சோதனையில் ஒன்றும் ஏறவில்லை. ஆனால் பல்க் இன்சர்ட், ஓர் அட்டவணை மற்றொன்றைச் சுட்டும் உறவுகளையும், மதிப்பைச் சோதிக்கும் கட்டுப்பாடுகளையும் நாம் கேட்டாலன்றிச் சரிபார்ப்பதில்லை. அவ்வாறு சரிபாராது ஏற்றிய பின், அக்கட்டுப்பாட்டுக்கு 'நம்பத்தகாதது' என்று தன் குறிப்பில் எழுதியும் வைத்துக்கொள்கிறது. இந்த நேர்மையை மெச்சத்தான் வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸின் கையேடும் வேகம் வேண்டுமானால் அடைவுகளையும் உறவுகளையும் கழற்றிவிட்டு ஏற்றுங்கள் என்றுதான் சொல்கிறது. கழற்றுவது நம் கை. அங்கே அது தானே கழற்றிக்கொள்கிறது. வேகம் என்பது இவ்விடங்களிலெல்லாம் சரிபார்ப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்ததன் மறுபெயர்.

எஸ்க்யூலைட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 20 என்று அளவு குறித்தாலும் அது பொருட்படுத்தாது. பெயர் முழுதாக ஏறும். எண் புலத்தில் 'தெரியவில்லை' என்பதையும் அப்படியே வாங்கிக்கொள்ளும். இரட்டைச் சாவியை மட்டும் வரி எண்ணுடன் முறையிட்டுவிட்டு மேலே செல்லும். கிராமத்துப் பெரிய வீட்டுத் திண்ணையைப் போன்றது, யாரும் உட்காரலாம். (கண்டிப்பு வேண்டுவோருக்கென 2021இல் ஒரு தனி அட்டவணை வகை வந்திருக்கிறது. அதிலும் வகைக்குத்தான் கண்டிப்பு, நீளத்துக்கு இல்லை.)

ஒரே பத்து வரிகள். ஒன்றில் ஏழு, இரண்டில் ஒன்பது, இரண்டில் ஒன்றுமில்லை. இவற்றுள் எதுவும் பிழையாக இயங்கவில்லை. எல்லாம் அவரவர் கையேட்டில் எழுதியபடியே இயங்கின.

நமக்குப் பதிற்றுப்பத்து நினைவுக்கு வந்தது. முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. கிடைத்த எட்டையும் ஒன்று முதல் எட்டு என எண்ணிட்டு அச்சிட்டிருந்தால் நூல் பார்வைக்கு நிறைவாக இருந்திருக்கும். பதிப்பித்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. இரண்டாம் பத்திலிருந்தே தொடங்கினார்கள். புறநானூற்றில் சிதைந்த அடிகளுக்குப் புள்ளியிட்டு வெற்றிடம் விட்டார்கள். உ.வே.சா. பாடபேதங்களைக் குறித்துவைத்தார். விலக்கியதையும் விடுபட்டதையும் காட்டுவதே பதிப்பு என்றால், விலக்கிய வரிகளைக் காட்டாத ஏற்றம் எதுவும் பதிப்பாகாது. இதனால்தான் தளமே தரும் தொடரெண்ணை நாம் சாவியாக ஏற்கவில்லை. ஏறாத வரியின் இடத்தை அது அடுத்த வரிக்குக் கொடுத்துவிடலாம். சில வேளை நம் தொகுப்பில் இல்லாத இடைவெளியையும் உண்டாக்கும். ஐயா இட்ட சீட்டு எண்தான் எண்.

இரட்டைச் சாவியிலும் ஒரு கண்ணி உண்டு. துறை நண்பர் முதலில் சொல்லையே சாவியாக்கி, மீண்டும் வந்தால் மாற்றிவைக்கலாம் என்றார். மைஎஸ்க்யூஎல்லின் 'ரிப்ளேஸ்' பழைய வரியை நீக்கிவிட்டுப் புதியதைச் செருகும். பிற தளங்களிலும் இதற்கு ஒப்பான வழிகள் உண்டு: ஆரக்கிளின் 'மெர்ஜ்', போஸ்ட்கிரெஸ்ஸில் 2016 முதல் இருக்கும் 'ஆன் கான்ஃப்ளிக்ட்' முதலியன. வங்கிக்கணக்குக்கு அது சரி. 'அங்கணம்' என்னும் சொல், ஒரு சீட்டில் பாத்திரம் கழுவும் இடம். மற்றொன்றில் தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட வீட்டளவு. பின்னது வந்து முன்னதை அழித்தால், ஓர் ஊரின் பேச்சை மற்றோர் ஊர் அழித்ததாகும். நண்பர் உடனே உடன்பட்டார். அவர் ஊர்ச்சொல் முதலில் ஏறியிருந்தது!

முடிவில் போஸ்ட்கிரெஸ்ஸையே கொண்டோம், ஆனால் அதன் கண்டிப்பை இரண்டாம் வாயிலுக்கு மாற்றி. முதலில் எல்லாப் புலங்களும் வெறும் உரையாக, அளவோ சாவியோ இல்லாத ஒரு முற்றத்து அட்டவணையில் முழுக்கோப்பும் இறங்கும். அங்கே எதுவும் வெட்டுப்படாது. பின் ஒரே கட்டளையில் தகுதியுள்ளவை அனைத்தும் உள்ளே போகும். மற்றொரு கட்டளையில் எஞ்சியவை அனைத்தும், காரணம் எழுதிய புலத்துடன், 'ஏறாதவை' என்னும் அட்டவணைக்குப் போகும். இரண்டின் கூட்டுத்தொகை கோப்பின் வரித்தொகைக்கு ஒத்திருக்க வேண்டும். ஆரக்கிள் இயல்பாகத் தருவதை நாம் கையால் செய்துகொண்டோம் என்று நண்பர் சொல்வது உண்மையே. நாற்பதாயிரம் வரிகளுக்கு வேகம் ஒரு பொருட்டன்று. ஒவ்வொன்றாக உறுதி செய்து ஏற்றினால் ஒரு குவளைத் தேநீர் ஆறியது. காப்பி கட்டளையில் குவளையைத் தூக்குமுன் முடிந்தது.

ஆனால் எந்தத் தளமும் காணாத பிழைகள் சில உண்டு. அங்கே தமிழாசிரியனுக்குத்தான் வேலை. 'வௌவால்' என்பதை ஔகாரக் குறியிட்டும் எழுதலாம். எகரக்குறியோடு ளகரத்தைச் சேர்த்து 'வெளவால்' என்றும் தட்டச்சு செய்துவிடலாம். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கு ஆறு குறியீட்டுச் சொல் ஒன்று, ஏழு குறியீட்டுச் சொல் ஒன்று. 'கொ' என்பதன் ஒகரக் குறியும் அவ்வாறே ஒரு குறியீடாகவோ இரண்டாகவோ இருக்கக்கூடும். பின்னதைச் சீராக்க போஸ்ட்கிரெஸ்ஸில் 2020 முதல் ஒரு செயல்கூறு இருக்கிறது. மொத்த அட்டவணைக்கும் ஒரே கட்டளை. முன்னதற்கு அது உதவாது, ஏனெனில் ளகரம் மெய்யாகவே ளகரம்தான். 'கெளதாரி', 'பெளர்ணமி' போன்ற வடிவங்களைக் கட்டளையால் திரட்டலாம். 'வெளவால்' திரளும்போது 'வெளி'யும் சேர்ந்து திரளும். பிரிப்பது கண்தான். நாமும் பள்ளி நண்பரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இதற்குக் கொடுத்தோம்.

நிலஅளவைச் சொற்களில் முந்திரி, காணி, மா முதலியவற்றின் பழைய பின்னக்குறிகளையும் ஐயா வரைந்துவைத்திருந்தார். இவை 2019இல்தான் யூனிகோடின் 12ஆம் பதிப்பில் இடம்பெற்றன. 4 பைட் கொள்பவை. மைஎஸ்க்யூஎல்லின் பழைய யூடிஎஃப்-8 வகை 3 பைட்டுக்கு மேல் அறியாது. கண்டிப்பற்ற நிலையில், அக்குறி வந்த இடத்தோடு பொருள் விளக்கம் முழுதும் வெட்டுண்டுவிடும். நான்கு பைட் வகை அத்தளத்தில் இயல்பானது 2018இல். 1/320ஐக் குறிக்கும் ஒரு முந்திரிக்குறிக்காக ஒரு பத்தி விளக்கம் போவதை எண்ணிப் பாருங்கள்.

வேண்டுவோருக்குக் கொடுக்க எஸ்க்யூலைட் கோப்பாக ஒரு படி எடுத்திருக்கிறோம். ஒற்றைக் கோப்பு, நிறுவல் எதுவும் வேண்டாம். ஏறாதவற்றின் அட்டவணையும் அதில் உண்டு: இரண்டு சீட்டுகளுக்கு ஒரே எண், கறையான் தின்ற ஊர்ப்பெயர், ஆண்டு தெரியாதவை என முந்நூற்றுச் சொச்சம். ஐயா அந்த அட்டவணையை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டு வாங்கிக்கொண்டார். பென்சிலால் குறித்துக்கொண்டே வருகிறார். இப்போது தகர வரிசையில் இருக்கிறார்.